உட்கார்ந்தவருக்கே உரிமை

மனித உரிமையைக் காப்பாற்றியே தீருவது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. யார் கேட்டார்கள், ஏன் திடீரென்று கேட்டார்கள் என்பதெல்லாம் நமக்கு வேண்டாம். முடிவானால் சுற்றறிக்கை வரும். வந்தது. "மாண்பமை மனித உரிமைகளைப் பேணிக் காக்கும் பொருட்டு, காவல் நிலையந்தோறும் அவற்றுக்கென ஓர் இடம் தவறாது ஒதுக்கப்படல் வேண்டும்" என்று அதில் கண்டிருந்தது.

கடைத்தெருக் காவல் நிலையத்தில் இடம்தான் இல்லை. முன்னறையில் மேசை. அடுத்த அறையில் பிடித்து வந்த சைக்கிள்கள், சொந்தக்காரனே வந்து கேட்டாலும் உருவ முடியாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கடுத்தது இன்ஸ்பெக்டர் மதியத்தில் கண்ணயரும் அறை. கொல்லைப்பக்கம் இன்னொரு அறை உண்டு. ஆனால் அது கட்டட வரைபடத்தில் கிடையாது. அங்கே நடப்பது எந்தப் பதிவிலும் கிடையாது. இல்லாத அறையை எப்படி ஒதுக்குவது?

இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டார். ஏட்டு பழுத்த ஆள். எந்தச் சுற்றறிக்கையையும் வேலை செய்யாமலே நிறைவேற்றத் தெரிந்தவர். மனித உரிமை என்பது மனிதனுக்கு. மனிதன் அடைக்கிற இடம் ஒரு நாற்காலி அளவு. ஆகவே ஒரு நாற்காலி போட்டுவிட்டால் இடம் ஒதுக்கியதாகிவிடும் என்றார். இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சின்னச் சாமானுக்குள் அடங்கும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்ததே இல்லை. உடனே சம்மதித்தார்.

தெருக்கோடித் தச்சர் நாற்காலி செய்து கொடுத்தார். வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். பின்னால் சுவரில் ஏட்டு தம் கையாலேயே ஒரு பலகை எழுதி மாட்டினார். "இந்நாற்காலியில் அமர்ந்திருப்பவரை அடித்தல், வைதல், மிரட்டல், இழுத்தல், அடைத்து வைத்தல் ஆகாது. அவர் வினவுவதற்கு மரியாதையுடன் விடையளிக்கப்படும். அவர் கூறுவது உண்மையெனக் கொள்ளப்படும்."

புதிதாகச் சேர்ந்த கான்ஸ்டபிள் ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, அப்படியானால் நிற்கிறவர்களுக்கு என்ன என்று கேட்டார்.

"அது சுற்றறிக்கைக்குள்ள வராது," என்றார் ஏட்டு.

படம் பிடித்து அனுப்பினார்கள். சுற்றறிக்கையை முதலில் நிறைவேற்றிய நிலையம் என்று பாராட்டு வந்தது. அதன்பிறகு நாற்காலியை யாரும் தொடவில்லை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒரு பூனை மட்டும் தினமும் அதில் ஏறிப் படுத்தது. முன்பெல்லாம் அதைக் கண்டால் லத்தியால் விரட்டுவார்கள். இப்போது பலகையைப் பார்த்துவிட்டுச் சும்மா போனார்கள். அந்த ஊரில் மனித உரிமையை முதன்முதலில் முழுமையாக அனுபவித்தது அந்தப் பூனைதான்.

நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டி. நிலையத்தின் சீருடை முழுக்க அங்கேதான் தேய்க்கப்பட்டது. தேய்ப்பவள் இஸ்திரிக்காரி. துணி வாங்கி வந்து, தேய்த்ததை மடித்து, கொண்டுபோய்க் கொடுப்பது அவள் புருஷன். மாமியாரும் வண்டியோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். குறை சொல்வது அவர் வேலை. மூன்று பேரில் வேலையைக் காலை முதல் மாலைவரை விடாமல் செய்தது அவர்தான்.

அமைச்சர் பாலம் திறக்க வந்த அன்று காலையில் இஸ்திரிக்காரி இன்ஸ்பெக்டரின் கால்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் மடிப்புச் சரியில்லை என்றார். தம் காலத்தில் மடிப்பில் விரலை வைத்தால் வெட்டும் என்றார். அவள் திரும்பி நின்று பதில் சொன்னாள். நல்ல பதில்தான். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியைச் செங்கல்மேல் வைத்திருக்க வேண்டியவள் கால்சட்டைமேலேயே வைத்திருந்தாள். நெடி வந்தபிறகுதான் தூக்கினாள். உட்காரும் இடத்தில், அச்சடித்தாற்போல், ஒரு முழு இஸ்திரிப் பெட்டி.

புருஷன் கால்சட்டையைக் கையில் வாங்கினான். அவன் பேசுவதே அபூர்வம். கரிப்புகை நெஞ்சில் இறங்கியவன், வாயைத் திறந்தால் இருமல்தான் முதலில் வரும். மண்ணில் மண்வெட்டி இழுத்தாற்போன்ற இருமல், தெருவுக்கே தெரியும். கருகின இடம் உள்ளே போகும்படி மடித்தான். "பின்பக்கம்தானே. அவரா பாக்கப் போறாரு?" என்றான்.

உண்மைதான். அவர் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள். அமைச்சருக்கு இன்ஸ்பெக்டர் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். பின்னால் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அமைச்சர் நினைத்துக்கொண்டார். பாதிப் பேச்சில் இறங்கிப் போய்விட்டார். பத்திரிகைக்காரனும் பின்னாலிருந்தே படம் எடுத்து மறுநாள் போட்டிருந்தான்.

படம் வந்த அன்று சாயங்காலம் இஸ்திரிக்காரியின் புருஷனைக் கூட்டிப் போனார்கள். யார் தேய்த்தது என்ற கேள்விக்கு, நான்தான் என்று சொல்லிவிட்டானாம். "அரசுச் சீருடையின் பின்புறத்தில் திட்டமிட்டுச் சூடு வைத்து, மாண்புமிகு அமைச்சரின் உரையைச் சீர்குலைத்து, அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது." குற்றம் இவ்வளவு நீளம். விசாரணை எங்கே நடக்கும் என்று தெருவுக்குத் தெரியும். கொல்லைப்பக்கம். இல்லாத அறையில்.

இஸ்திரிக்காரி நிலையத்து வாசலில் போய் நின்றாள். அப்படி ஒருவனைக் கூட்டி வரவேயில்லை என்றார்கள். நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனபோது, நேற்றுத்தானே சொன்னோம் என்றார்கள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. மண்வெட்டி இழுக்கிற இருமல். அவள் படியேறி முன்னறைக்குள் போய்விட்டாள்.

மேசைக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டேயிருந்தாள். காலமெல்லாம் நின்று தேய்த்த கால்கள், ஓய்ந்து வந்தன. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. பூனையைத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் உறை சலசலக்க, உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பலகையில் பால் விலை எழுதியிருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். "ஏய், எழுந்திருடி" என்று லத்தியை ஓங்கினார். ஏட்டு குறுக்கே பாய்ந்தார்.

"ஐயா, உக்காந்துட்டாங்க."

"உக்காந்தா?"

ஏட்டு பலகையைக் காட்டினார். காதோரம் இன்னொன்றும் சொன்னார். அன்றைக்குத்தான் மனித உரிமை ஆணையத்து அம்மையார் அந்த நாற்காலியைப் பார்வையிட வருகிறார். எந்த நேரமும் வரலாம். நாற்காலியால் இன்ஸ்பெக்டருக்கு விருது கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பாலத்தில் போன மானம் நாற்காலியில் திரும்பலாம்.

இன்ஸ்பெக்டர் லத்தியைக் கீழே இறக்கினார். பலகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பல்லைக் கடித்தார். பிறகு, "தாங்கள் வந்த காரியம் என்னம்மா?" என்றார். பழக்கமில்லாத வார்த்தைகள், வாயில் கல் கடித்தது போல வெளியே வந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் பின்னால் யாரும் இல்லை. தன்னிடம்தான் பேசுகிறார்.

"எம் புருஷன் எங்கய்யா?"

"தங்கள் கணவர் இங்கே இல்லைம்மா."

உள்ளே இருமல்.

"அப்ப இருமுறது யாரு?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கூரையைப் பார்த்தார்.

"கட்டடம்மா. பழைய கட்டடம். ஈரம் இறங்கியிருக்கு."

அவள் மேலே கேட்பதற்குள் ஆணையத்து அம்மையார் வந்துவிட்டார். கூடவே நாடா பிடிக்க ஓர் உதவியாளர். நாற்காலியின் உயரத்தை அளந்தார்கள். சாய்வைப் பார்த்தார்கள். கால்கள் ஆடுகின்றனவா என்று ஆட்டினார்கள். அம்மையார் இஸ்திரிக்காரியிடம் கனிவாகக் குனிந்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது அடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். வைதார்களா? இல்லை. முதுகு வலிக்கிறதா? இல்லை. அம்மையாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"வேற ஏதாவது குறை உண்டாம்மா?"

"உள்ள கட்டடம் இருமுதும்மா. எம் புருஷன் மாதிரியே இருமுது."

அம்மையார் காது கொடுத்துக் கேட்டார். நன்றாகவே கேட்டது. உதவியாளரோடு கலந்து பேசினார். கட்டடப் பராமரிப்பு வேறு துறையின்கீழ் வருகிறது. ஆணையத்தின் வரம்பு நாற்காலி வரைக்கும்தான். கால்களுக்கு வெளியே நடப்பதில் தலையிடுவது பிற துறையின் உரிமையை மீறுவதாகும். உரிமையைக் காக்க வந்தவரே உரிமையை மீறலாமா? "முன்மாதிரி நாற்காலி" என்று ஒப்பமிட்டுவிட்டுக் காரில் ஏறினார். போகும்போது இஸ்திரிக்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை சுட்டுக் காய்த்துக் கிடப்பதைக் கண்டு, கையுறை போடலாமே என்றார்.

கார் போனதும் இன்ஸ்பெக்டர் லத்தியைத் தேடினார். ஏட்டு தலையாட்டினார். ஒப்பமிட்ட நாற்காலி இப்போது. முன்னைவிட மோசம்.

இஸ்திரிக்காரி முட்டாள் இல்லை. எழுந்தால் ஏய், உட்கார்ந்தால் அம்மா. இதைப் புரிந்துகொள்ளப் படிக்கத் தெரிய வேண்டுமா? இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். காலை ஊன்றி உந்தினாள். நாற்காலி கிரீச்சென்று ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி உந்தினாள். இழுக்கக் கூடாது என்று பலகையில் இருக்கிறது. தடுக்கலாமா என்று இல்லை. கான்ஸ்டபிள்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். சைக்கிள் அறையைத் தாண்டி, தூங்கும் அறையைத் தாண்டி, தரையெல்லாம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு, அவள் உட்கார்ந்தபடியே கொல்லைப்பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

புருஷன் மூலையில் நின்றிருந்தான். உட்காரவிடவில்லை போலிருக்கிறது. வலது கை வீங்கி, விரல்கள் மடங்காமல் இருந்தன. தேய்த்த கை அதுதானே என்று கேட்டுவிட்டு அந்தக் கையிலேயே போட்டிருக்கிறார்கள். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தான். இருமல்தான் வந்தது.

"ஏய்யா, இப்படி வா," என்றாள். வந்தான். பிடித்து இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

நிலையம் திகைத்தது. நாற்காலியில் இப்போது இருவர். ஒருவர்மேல் ஒருவர். மேலே இருப்பவர் நாற்காலியில் அமர்ந்தவரா, நாற்காலியில் அமர்ந்தவர்மேல் அமர்ந்தவரா? இதற்கு முன்னுதாரணம் இல்லை. இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்குத் தொலைபேசினார். மேலிடம் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சுற்றறிக்கையில் மடி தடைசெய்யப்படவில்லை என்று மென்றுகொண்டே பதில் வந்தது.

"அது போவுது," என்றாள் இஸ்திரிக்காரி மடியிலிருந்தவனின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி. "சூடு வச்சது இவரு இல்ல. நான்."

"அவனே ஒத்துக்கிட்டானே," என்று தொடங்கிய இன்ஸ்பெக்டர், உடனே திருத்திக்கொண்டார். "அவரே ஒத்துக்கொண்டாரே அம்மா."

"நின்னுக்கிட்டுத்தானே சொன்னாரு? நான் உக்காந்துகிட்டுச் சொல்றேன்."

ஏட்டு கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நாற்காலியில் கூறுவது உண்மையெனக் கொள்ளப்படும். எழுதியது அவரே. ஆகவே அவள்தான் குற்றவாளி. ஆகவே அவன் குற்றமற்றவன், விட்டுவிட வேண்டியது. அவள் குற்றவாளி, பிடிக்க வேண்டியது. ஆனால் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்தால் அந்தக் கணமே கைது.

"நா எழுந்திரிக்க மாட்டேன்," என்றாள்.

விடுபட்ட புருஷன் போய்த் தள்ளுவண்டியை ஓட்டி வந்தான். அவளை நாற்காலியோடு வண்டிமேல் ஏற்றினார்கள். ஏட்டும் ஒரு கை கொடுத்தார். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி புகைய, வெள்ளை நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்க, ஒற்றைக் கையால் புருஷன் வண்டியைத் தள்ள, கடைத்தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. உள்ளே போனவர்கள் இப்படித் திரும்பி அந்தத் தெரு கண்டதில்லை.

அரசாங்க நாற்காலி போய்விட்டது. போய்விட்டது என்று எழுத முடியுமா? ஏட்டு எழுதினார். "நாற்காலி மக்களைத் தேடிச் சென்றுள்ளது." மேலிடம் உருகிவிட்டது. நடமாடும் மனித உரிமைத் திட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இனி ஒவ்வொரு குடிமகனும் சொந்தமாக ஒரு நாற்காலி வைத்துக்கொண்டு, தன் உரிமையைத் தானே பேணிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. அரசுக்குச் செலவும் மிச்சம்.

அதன்பிறகு பிடித்தது பித்து. தச்சருக்கு மூச்சுவிட நேரமில்லை. வசதியானவர்கள் சக்கரம் வைத்து, மெத்தை போட்டு, கப் வைக்க ஒரு பலகையும் வைத்துச் செய்துகொண்டார்கள். இல்லாதவர்கள் முக்காலி வாங்கினார்கள். முக்காலிக்கு முழு உரிமையா, முக்கால் உரிமையா என்று டீக்கடையில் சண்டை நடந்தது. பெஞ்சு கூட்டுக் குடும்பத்துக்கு என்றார்கள். பெண் பார்க்கப் போனவர்கள், பையனுக்குச் சொந்த நாற்காலி இருக்கிறதா என்று முதல் கேள்வி கேட்டார்கள். தையல்காரர் ஆதியிலிருந்தே உட்கார்ந்து வேலை செய்தவர். ஆகவே ஊரிலேயே மூத்த உரிமையாளர் தாம்தான் என்று கண்டுபிடித்துச் சொல்லி, உட்கார்ந்தோர் சங்கத்துக்குத் தலைவரானார். நாற்காலியால் முதலில் விடுதலையானவன் என்று இஸ்திரிக்காரியின் புருஷனைத் துணைத்தலைவராக்கினார். அவனுக்குப் பித்தளை ஆணி அடித்த நாற்காலி ஒன்று சங்கமே கொடுத்தது. அன்றிலிருந்து அவன் கொஞ்சம் நிமிர்ந்து இருமினான்.

மாமியாரும் ஒன்று வாங்கினார். அதில் உட்கார்ந்துகொண்டு, "நான் சொல்றது உண்மைனு எடுத்துக்கணும், தெரியுமில்ல?" என்று ஆரம்பிப்பார். மருமகளும் நாற்காலியில்தான் இருந்தாள். இரண்டு உண்மைகள் எதிரெதிரே உட்கார்ந்து சாயங்காலம்வரை பேசின.

இஸ்திரிக்காரிக்கு மட்டும் இந்த நாகரிகத்தில் நஷ்டம். அவளைக் கண்காணிக்க எதிரே ஒரு கான்ஸ்டபிளைப் போட்டிருந்தார்கள். எழுந்தால் பிடிக்க வேண்டும். பகலெல்லாம் அவர் தமது நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இருட்டியதும் வேலை நேரம் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவார். ஆகவே இரவில் அவள் குற்றவாளி இல்லை. ஆனால் துணி தேய்ப்பது பகலில். இஸ்திரிப் பெட்டி கையால் நகர்வதில்லை. தோளிலிருந்து பாரம் இறங்க வேண்டும். உட்கார்ந்து தேய்த்தால் சுருக்கம் சுருக்கமாகவே இருந்தது. புருஷனின் கை இன்னும் சரியாகவில்லை, அவன் தேய்த்தால் பெட்டி வழுக்கியது. போதாததற்குச் சங்க வேலை வேறு. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அடுப்பு ஒரு வேளை எரிந்தால் மறுவேளை எரியவில்லை. எழுந்து நின்று ஒரே ஒரு சட்டையை முறையாகத் தேய்த்துப் பார்க்க மாட்டோமா என்று அவள் கால்கள் தவித்தன.

இதற்கிடையில் இன்னொரு சுற்றறிக்கை. "உரிமை வழங்கப்பட்டும் அமர முன்வராது நிற்போர், தம் உரிமையைத் தாமே மனமுவந்து துறந்தவராகக் கருதப்படுவர்."

யாருக்கும் இதில் தவறு தெரியவில்லை. எல்லோரும்தான் உட்கார்ந்திருந்தார்களே. நின்றவர்கள் கொஞ்சம்பேர். சுமை தூக்குபவர், தெருக்கூட்டுபவர், வீடு இல்லாதவர். அவர்களை இழுத்துப் போகும்போது, ஒரு நாற்காலி வாங்கக்கூட வக்கில்லையா என்று தெரு உட்கார்ந்தபடியே வருத்தப்பட்டது. தண்ணீர்க் குழாயில் வரிசை நாற்காலி நாற்காலியாக நீண்டது. முன்னால் இருப்பவர் எழுந்தால்தானே நகரும்? நகரவில்லை. குழாயில் தண்ணீரும் வரவில்லை. விலை ஏறியது. உட்கார்ந்தே கண்டித்தார்கள். கூலி இறங்கியது. உட்கார்ந்தே தீர்மானம் போட்டார்கள். இவ்வளவு அமைதியான ஊரை மேலிடம் அதற்குமுன் ஆண்டதில்லை.

இன்ஸ்பெக்டருக்கு விருது வந்தது. கடைத்தெருவை ஒட்டிய மைதானத்தில் விழா. அதே அமைச்சர். ஊரே நாற்காலியைத் தூக்கி வந்து வரிசையாகப் போட்டு உட்கார்ந்தது. ஊரின் முதல் அமர்வாளர் என்று, நாற்காலியோடு வண்டியில் தள்ளி வந்த இஸ்திரிக்காரிக்கு முன்வரிசை. பின்னாலேயே சங்க நிர்வாகிகள். மேடையில் இன்ஸ்பெக்டர், அதே கால்சட்டையில். புதுக் கால்சட்டைக்கு எழுதிப் போட்டது இன்னும் மேலிடத்தில்தான் இருந்தது. அதனால் என்ன? உட்கார்ந்திருந்தார். நாற்காலித் திட்டத்தை அந்த ஊரில் அவரைப்போல் மனதார நேசித்தவர் வேறு யாரும் இல்லை.

அமைச்சர் உட்கார்ந்தபடியே பேசினார். இங்கே எல்லோரும் எல்லா உரிமையோடும் இருக்கிறீர்கள் என்றார். உட்கார்ந்தபடியே கைதட்டல்.

அப்போது மேடையோரம் ஒரு சுமைகூலி வந்தார். தலையில் நாற்காலிகள், ஐந்தாறு, அடுக்கிக் கட்டியது. விழாவுக்குத்தான். தாமதமாக வந்த பெரிய மனிதர்களுக்காக. இறக்க இடம் தேடி நின்றார். நின்றுவிட்டார், அவ்வளவுதான். கான்ஸ்டபிள்கள் இரண்டு பேர் வந்து லத்தியை எடுத்தார்கள். தலையில் பாரம், குனியவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. முதல் அடி முழங்காலில் விழுந்தது. இரண்டாவதை அவர் கை தடுத்தது. வலது கை.

இஸ்திரிக்காரி அந்தக் கையைப் பார்த்தாள். எதிரே அவளுடைய கான்ஸ்டபிள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்துவிட்டாள்.

பட்டப்பகலில், எவ்வளவு நாளுக்குப் பிறகு. கால் மரத்துப்போயிருந்தது, ஆனால் நின்றது. வெள்ளை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தாள். சுமைகூலிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டாள். "உக்காருங்கண்ணே," என்றாள். அவர் தலைப்பாரத்தோடு தொப்பென்று உட்கார்ந்தார். ஓங்கிய லத்திகள் அந்தரத்தில் நின்றன.

மேடையில் இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்து, பிடிங்க அவள என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஏட்டுக்குச் சொல்லத் திரும்பினார். ஒரு முழு இஸ்திரிப் பெட்டி அமைச்சருக்கும் ஊருக்கும் பளிச்சென்று தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. உரிமையாளர்கள் இப்போது ஒழுங்கானவர்கள். அந்த நிமிஷத்தில் அவ்வளவு பெரிய மைதானத்தில் உரிமை இல்லாமல் நின்றவர்கள் லத்திக்காரர்களும், இன்ஸ்பெக்டரும், அவளும்தான்.

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக முகங்கள். ஒருவர் எழுந்தால் போதும் என்று நினைத்தாளோ என்னவோ. யாரையாவது தேடினாள்.

முகங்கள் எல்லாம் அவளைத் தாண்டி மேடையைப் பார்க்கக் கழுத்தை வளைத்துக்கொண்டிருந்தன.

அப்போது இருமல் கேட்டது. மண்ணில் மண்வெட்டி இழுத்தாற்போல. இம்முறை கட்டடம் இல்லை. இரண்டாம் வரிசை, பித்தளை ஆணி அடித்த நாற்காலி.

"இந்தா," என்றான் அவள் புருஷன். "உக்காரு. மறைக்குது."